உம்ராவுக்கும் வளைகுடாவுக்கும் விமான டிக்கெட்: கொங்குப் பகுதிக் குடும்பங்கள் செலவைக் குறைப்பது எப்படி?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கினால் செல்போனை நீட்டிக்கொண்டு யாராவது ஒருவர் நிற்பார். "ஹஜ்ரத், நேத்து ராத்திரி பார்த்தப்போ ஒரு ரேட்டு. இப்போ நாலாயிரம் கூடியிருச்சு. நாம பார்க்கறதைத் தெரிஞ்சுக்கிட்டு ஏத்துறாங்களா?" மார்க்க விளக்கம் கேட்க வருவோரைவிட இந்தக் கேள்வியோடு வருவோர் சில மாதங்களில் அதிகம். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தில் உம்ராவுக்குப் புறப்படும் பெற்றோர், பள்ளி விடுமுறையில் கணவரிடம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தாய், அத்தா மவுத்தாகிவிட்டார் என்று நள்ளிரவில் டிக்கெட் தேடும் மகன். ஒவ்வொருவருக்கும் அந்த நாலாயிரம் பெரிய தொகைதான். பலருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

முதலில் அந்தக் கேள்வியைப் பார்ப்போம். நாம் தேடுவதால் விலை ஏறுகிறது, போனில் ரகசியத் திரையில் தேடினால் குறையும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. விலை மாறும் காரணம் வேறு. ஒரு விமானத்தில் 180 இருக்கைகள் இருந்தால் அவை எல்லாம் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை. கீழ்ப்படியில் சில இருக்கை, அடுத்த படியில் சில என்று ஏணிபோல் வைத்திருப்பார்கள். கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி விலை திரையில் வரும். ஏஜெண்டு ஒருவர் பத்து இருக்கையைப் பிடித்து வைத்திருந்து பணம் கட்டாமல் விட்டால் அவை மீண்டும் கீழ்ப்படிக்கே வந்து விலை இறங்கவும் செய்யும். கல்லூரியில் பொருளியல் வகுப்பில் தேவையும் அளிப்பும் என்று படித்ததை நாம் கண்ணால் பார்க்கும் இடம் இதுதான்.

இந்த ஏணியைப் புரிந்துகொண்டால் பெரிய குடும்பங்களுக்கு ஒரு வழி தெரியும். ஆறு பேருக்கு ஒன்றாகத் தேடுகிறீர்கள். கீழ்ப்படியில் நான்கு இருக்கைதான் மிச்சம் என்றால், ஆறு பேருக்கும் சேர்த்து மேல்படி விலையையே திரை காட்டும். அதே விமானத்தில் நான்கு பேருக்குத் தனியாக, இரண்டு பேருக்குத் தனியாகத் தேடிப் பாருங்கள். சில நேரம் மொத்தத் தொகை குறையும். ஆனால் சிறு பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவரோடு ஒரே முன்பதிவில்தான் வைக்க வேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு முன்பதிவுகளை இரண்டு வெவ்வேறு விமானத்தில் மாற்றிவிடும் சாத்தியமும் உண்டு. வயதான பெற்றோரைத் தனி முன்பதிவில் விடாதீர்கள்.

எந்த விமான நிலையம் என்பதே பெரிய கேள்வி

தேதியையும் நேரத்தையும் மாற்றி மாற்றித் தேடுவோர், புறப்படும் ஊரை மாற்றிப் பார்ப்பதில்லை. நம் பகுதிக்கு உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதற்குத் தெளிவான சாட்சி 2024 ஹஜ். கேரளாவில் மூன்று புறப்பாட்டு இடங்கள்: கொச்சி, கண்ணூர், கோழிக்கோடு. ஒரே ஹஜ் கமிட்டி, ஒரே மாநிலம், போய்ச் சேரும் இடமும் ஒன்றே. ஆனால் கொச்சி, கண்ணூர் கட்டணம் 86 ஆயிரம் முதல் 89 ஆயிரம் ரூபாய் என்ற அளவில் இருக்க, கோழிக்கோட்டுக்குச் சுமார் 1.65 லட்சம் என்று வந்தது. மலபார் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அது குறைக்கப்பட்டது. ஆனாலும் மற்ற இரண்டையும்விடக் கணிசமாக அதிகமாகவே நின்றது. காரணம் கரிப்பூரின் ஓடுபாதை. மேட்டின் உச்சியில் அமைந்த அந்த நிலையத்தில் 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் விபத்துக்குள்ளாகி 21 பேர் இறந்தார்கள். அதன்பின் அகலமான பெரிய விமானங்கள் அங்கே அனுமதிக்கப்படவில்லை. சிறிய விமானம் என்றால் ஒரு பறப்பில் குறைவான இருக்கை. போட்டிக்கு வரும் நிறுவனமும் குறைவு. விலை ஏறியது. அடுத்த ஆண்டு கோழிக்கோட்டைத் தேர்ந்தெடுத்த பலர் கண்ணூருக்கு மாற்றித் தரும்படி கேட்டார்கள்.

ஹஜ் விண்ணப்பத்தில் புறப்படும் இடத்தை விருப்ப வரிசையில் கேட்பார்கள். நம் மக்கள் தமிழ்நாடு என்றால் சென்னை என்று பழக்கத்தில் நிரப்பிவிடுகிறார்கள். 2022-ல் சென்னை பட்டியலிலேயே இல்லாததால் தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து போனார்கள்; பிறகு சென்னை திரும்பக் கிடைத்தது. சென்னைக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. கோவை, பொள்ளாச்சி, உடுமலை மக்களுக்கோ சென்னை சுமார் 500 கிலோமீட்டர், கொச்சி அதில் பாதிக்கும் குறைவு. முந்தைய ஆண்டு இரண்டு இடத்துக்கும் என்ன கட்டணம் வந்தது என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

சாதாரணப் பயணத்துக்கு வருவோம். நம் பீளமேடு நிலையத்திலிருந்து ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா நெடுநாளாகப் பறக்கிறது. சிங்கப்பூருக்கு ஸ்கூட் உண்டு. 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்குத் தொடங்கியது. எமிரேட்ஸ் ஏன் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனம் எந்தெந்த இந்திய ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை கொண்டு வரலாம் என்பது இரு அரசுகளின் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். துபாய் நிறுவனங்களுக்கான பட்டியலில் கோவை இல்லை. தொழில் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அதுவரை இங்கே போட்டி குறைவு, இருக்கையும் குறைவு. கொச்சியிலோ வளைகுடாவின் ஏறக்குறைய எல்லாப் பெரிய நகரங்களுக்கும் பல நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. எனவே திரையில் கொச்சி விலை குறைவாகத் தெரிவது பல நாட்களில் உண்மை.

ஆனால் திரை விலை மட்டும் கணக்கு ஆகாது. கொச்சியில் தலைக்கு 3,000 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் போனால் 15,000 மிச்சம். கோவையிலிருந்து நெடும்பாசேரிக்கு டாக்ஸி 6,000 ஆனாலும் லாபம்தான். அதே 3,000 வித்தியாசத்தில் கணவன் மனைவி இருவர் மட்டும் போனால், மிச்சம் 6,000 அப்படியே டாக்ஸிக்குப் போய்விடும். நாம் ஒருமுறை இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு பேராகக் கொச்சி போய், திரும்பும்போது விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கி, காருக்குக் காத்திருந்து, சுங்கச்சாவடிக்கும் கொடுத்து, சேமித்ததைவிட அதிகம் செலவழித்து வீடு வந்தோம். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தனியாளாகப் போவோருக்கு ரயில் நல்ல வழி. சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் ஆலுவாவில் நிற்கும். அங்கிருந்து விமான நிலையம் பக்கம். கேரளா போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்கு வராமல் போத்தனூரில் மட்டும் நிற்கும் என்பதையும் கவனியுங்கள். உக்கடம், குறிச்சிப் பக்கத்தில் இருப்போருக்கு அது இன்னும் வசதி.

சாலையில் போவோர் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். ஒரு காலத்தில் குதிரான் மலைச் சாலையில் மாட்டிக்கொண்டு விமானத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. 2021-22-ல் சுரங்கப்பாதைகள் திறந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் இடையே சாலைப் பணிகளால் நெரிசல் முற்றி, 2025 ஆகஸ்டில் பாலியக்கரை சுங்கச்சாவடியில் கட்டணம் வசூலிப்பதையே கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போனது. வழக்கமான நான்கு மணி நேரத்தோடு குறைந்தது இரண்டு மணி நேரம் சேர்த்துக் கிளம்புங்கள். விமானத்தைத் தவறவிட்டால் சேமிப்பு என்ற பேச்சே இல்லை.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும். பள்ளப்பட்டி, கரூர் மக்களுக்குத் திருச்சி நெருக்கம்; அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று நேரடி விமானங்கள் உண்டு, 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையமும் விசாலமானது. சேலம், தர்மபுரி மக்கள் பெங்களூரையும் பார்க்க வேண்டும். பொள்ளாச்சிக்காரர்கள் கோவைக்கு வராமலேயே பாலக்காடு வழியாக இறங்கிவிடலாம். ஈரோடுதான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நான்கு ஊரையும் தேடித்தான் ஆக வேண்டும்.

எப்போது வாங்குவது

செவ்வாய்க்கிழமை இரவு வாங்கினால் மலிவு என்பதெல்லாம் பழைய கதை. எந்த நாளில் வாங்குகிறோம் என்பதைவிட எந்த நாளில் பறக்கிறோம் என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அமீரகத்தில் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. ஜூன் கடைசியில் அங்கிருந்து இங்கே வரும் விலை உச்சத்தில் இருக்கும்; ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அங்கே போகும் விலை உச்சத்தில் இருக்கும். எதிர்த்திசையில் அதே நாட்களில் விமானங்கள் காலியாகப் பறக்கும். நம் பிள்ளைகளின் விடுமுறை ஏப்ரல் கடைசி, மே என்பதால் அவர்களின் கூட்டத்தோடு முழுதாக மோதுவதில்லை. இது நமக்கு வாய்ப்பு. மே முதல் வாரத்தில் போய் ஜூன் பிறக்கும் முன் திரும்பிவிட்டால் தப்பிக்கலாம்.

ரமளானும் இரண்டு பெருநாள்களும் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்கின்றன. எனவே "போன வருஷம் இந்தத் தேதியில் இவ்வளவுதான் இருந்தது" என்ற கணக்கு நம் பயணங்களுக்கு உதவாது. 2030-ல் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பர் கடைசியில் மற்றொரு ரமளானும் வரும். டிசம்பர் விடுமுறைக் கூட்டத்தோடு அது சேரும்போது உம்ரா டிக்கெட் என்ன விலை போகும் என்று இப்போதே ஊகிக்கலாம். ரமளான் உம்ராவின் சிறப்பு தனி. அதற்கு வசதியில்லாதவர்கள் ஹஜ் முடிந்து உம்ரா மீண்டும் தொடங்கும் மாதங்களைப் பார்க்கட்டும். ஆசைப்பட்டு வட்டிக்கடனில் ரமளானுக்குப் போவதைவிட, கையில் உள்ளதைக் கொண்டு வேறு மாதத்தில் போவது நிம்மதி.

தேதியை மாற்ற முடிந்தவர்கள் கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் போன்றவற்றில் மாதம் முழுவதற்குமான விலையைப் பாருங்கள். விலை இறங்கினால் தகவல் வரும்படி வைத்துக்கொள்ளலாம். எல்லா நிறுவனமும் எல்லாத் தளத்திலும் வராது என்பதால் கடைசியில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். நம் அனுபவத்தில் சாதாரண நாட்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வாங்கினால் போதும். பெருநாள், விடுமுறைக் காலம் என்றால் தேதி உறுதியானதுமே வாங்கிவிட வேண்டும். பத்து மாதம் முன்பே வாங்கி வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது, முன்கூட்டி வாங்கியவர்களின் பணம் திவால் வழக்குக்குள் போய்ச் சிக்கியது.

உம்ரா டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை

ஜித்தாவுக்கே போய் ஜித்தாவிலிருந்தே திரும்புவது என்று பெரும்பாலோர் தேடுகிறார்கள். மதீனாவில் இறங்கி ஜித்தாவில் ஏறுவது போல, பல நகரப் பயணம் என்ற பகுதியில் தேடிப் பாருங்கள். விலை ஒன்றாகவே இருந்தாலும் மக்காவிலிருந்து மதீனா போய் மீண்டும் ஜித்தா வரும் அலைச்சலில் ஒரு பாதி மிச்சம். இன்னொரு நன்மையும் உண்டு: மதீனாவிலிருந்து மக்கா போகும்போது துல்ஹுலைஃபாவில் நின்று நிதானமாக இஹ்ராம் கட்டலாம். வயதானவர்களுக்கு இது பெரிய வசதி.

ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட் வழியாக மாறிப் போகும் மலிவு டிக்கெட் வாங்கி நேராக ஜித்தா போகிறவர்கள், விமானம் மீகாத் எல்லையைக் கடக்கும் முன்பே இஹ்ராமுக்குள் நுழைந்துவிட வேண்டும். ஜித்தாவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கோவையிலேயே ஒப்படைத்துவிடுகிறார்கள். பெட்டி ஜித்தாவில்தான் கைக்கு வரும். துணி கைப்பையில் இருக்கட்டும். மாறும் நிலையத்தில் உடை மாற்ற அவகாசம் வேண்டும் என்பதால் ஒரு மணி நேர இடைவெளி உள்ள டிக்கெட்டை, மலிவாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் வாங்கி நாமே இணைத்துக்கொள்வது மலிவாகத் தெரியும். உதாரணமாகக் கோவையிலிருந்து ஷார்ஜா வரை ஒன்று, துபாயிலிருந்து ஜித்தா வரை வேறொன்று. இடையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர அமீரக விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி நான்கு டிக்கெட்டை இழந்து, அன்றைய விலையில் புதிதாக வாங்கியது. உம்ராவுக்குப் போகும்போது மொத்தப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருப்பது நல்லது.

பெட்டி எடையை டிக்கெட் வாங்கும்போதே சேர்த்துவிடுங்கள். கவுன்டரில் கேட்கும் தொகை கசக்கும். மிக மலிவான கட்டணத்தில் கைப்பை 7 கிலோ மட்டுமே இருக்கலாம். ஜம்ஜம் 5 லிட்டரைச் சில நிறுவனங்கள் தனியாக அனுமதிக்கின்றன, சில எடைக்குள் சேர்த்துவிடுகின்றன. திரும்பும் டிக்கெட்டின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் குறைவு. ஆனால் திரும்பும் நாளுக்கு முன் இரண்டு வயது நிறைந்தால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும்.

பேக்கேஜாகப் போவோரிடம் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். வெளிநாட்டு டிக்கெட், தங்குமிடம், மற்ற செலவு இவற்றில் இரண்டாவது சேர்ந்திருந்தால்தான் அது பேக்கேஜ். டிக்கெட் மட்டும் வாங்கினால் அந்த டி.சி.எஸ். இல்லை. பிடித்த தொகையும் உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். நம் மக்களில் பலர் இதை வரி என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ரத்து, பெயர், பி.என்.ஆர்.

டிக்கெட்டை ரத்து செய்தால் எதுவும் வராது என்று ஏஜெண்டு சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது. பறக்காத பயணத்துக்கான வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். பணம் திரும்பாத டிக்கெட் என்று போட்டிருந்தாலும் இது பொருந்தும். சிலருக்கு இது ஆயிரங்களில் வரும். பயண நாள் போதிய தூரத்தில் இருந்தால், வாங்கிய குறுகிய நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவும் வழி உண்டு. எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது டிக்கெட் நிபந்தனையில் இருக்கும். வாங்கிய அன்று இரவே எழுத்துப் பிழை, தேதி எல்லாவற்றையும் நிதானமாகச் சரிபார்ப்பது இதனால்தான்.

பெயர் விஷயம் நம் வீடுகளில் தனிப் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருந்து, குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்போர் நம்மில் நிறைய, குறிப்பாகப் பெண்கள். 2022 நவம்பர் முதல் அமீரகம் அப்படி ஒற்றைச் சொல் பெயரோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருவோரைத் தடுக்கத் தொடங்கியது. பிறகு பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் போன்ற விவரம் இருந்தால் ஏற்பதாக விளக்கம் வந்தது. மலிவு டிக்கெட்டை வாங்கிவிட்டுப் பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்து பார்ப்பவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே டிக்கெட்டில் பெயர் போடுங்கள். ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சந்தை விலையைவிட மிகக் குறைவாக யாராவது தருவதாகச் சொன்னால், அதுவும் ஜமாஅத்தில் தெரிந்தவர் மூலம் வந்ததால் நம்பலாம் என்று தோன்றினால், அப்போதுதான் கூடுதலாக விசாரிக்க வேண்டும். பணம் கட்டியதும் தரப்படும் காகிதம் டிக்கெட்டா, வெறும் இருக்கைப் பிடிப்பா என்று தெரியாது. பி.என்.ஆர். எண்ணையும் பெயரையும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உறுதியானது என்று காட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களில் 13 இலக்க இ-டிக்கெட் எண்ணும் இருக்கும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் பி.என்.ஆர். மட்டுமே இருக்கும். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருவதை அழைக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலாவுகின்றன. நிறுவனத்தின் தளத்துக்குள் போய் எடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முந்தின நாளும் அதே பி.என்.ஆரை மீண்டும் போட்டு, புறப்படும் நேரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்டு தன் கைபேசி எண்ணைக் கொடுத்து வாங்கியிருந்தால் நேர மாற்றத் தகவல் அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது.